மாரிக்கு முன் எலிக்குக் கதவடைப்போம்



வாடை பெயர்ந்துவிட்டால் குறிகட்டுவானிலிருந்து படகு ஓடுவது நிச்சயமில்லை. அதனால் நயினாதீவு, நெடுந்தீவுக் கடைக்காரர்கள் ஐப்பசிக்கு முன்பே அரிசி, மா, சீனி, பருப்பு என்று மூடைகளை இறக்கி அடுக்கிவிடுவார்கள். அதே நாட்களில்தான் வளைகளில் மழைத்தண்ணீர் இறங்க, வயலிலும் பனங்காட்டிலும் கிடந்த எலிகள் உலர்ந்த இடம் தேடிப் புறப்படுகின்றன. குளிர் நாடுகளில் இலையுதிர் காலத்தில் நடப்பது நமக்கு மாரியில் நடக்கிறது. கடை நிறையச் சரக்கு இருக்கும் நேரம் பார்த்து விருந்தாளி வந்து நிற்கிறார்!

நம்மில் பலர் எலியைக் கண்ட பிறகுதான் பொறி தேடுகிறோம். ஒரு சோடி உள்ளே வந்துவிட்டால் மூன்று கிழமையில் குட்டி போடும். ஆகவே பாஷாணத்துக்கு முதல் ஓட்டையைப் பாருங்கள். பென்சில் தடிப்புத் துவாரம் சுண்டெலிக்குப் போதும். பெருவிரல் நுழையும் இடத்தால் வீட்டெலி வந்துவிடும். துணியும் பலகையும் அடைத்துப் பயனில்லை, அதன் முன்பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் அது கடித்தே ஆகும். இரும்புத் தும்பைத் திணித்து மேலே சீமெந்து பூசுங்கள். கதவின் அடியில் தகரம் அடியுங்கள். காற்று வழிகளுக்கும் தண்ணீர் போகும் குழாய்க்கும் கம்பிவலை போடுங்கள். நெடுந்தீவில் சாந்தில்லாமல் அடுக்கிய பவளக்கல் மதில்கள் எலிக்கு நல்ல குடியிருப்பு. மதிலோடு ஒட்டிக் களஞ்சியம் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். கூரையைத் தொடும் பனை ஓலையையும் மரக்கிளையையும் வெட்டிவிடுங்கள்.

உள்ளே, மூடைகளைப் பலகைத் தட்டில் உயர்த்தி, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்குங்கள். இடம் வீணாகிறதே என்று நானும் ஒரு காலம் நினைத்தவன்தான். சில வருடங்களுக்கு முன் சுவரோரம் அடியில் கிடந்த கோதுமை மா மூடையில் ஓட்டை கண்டோம். கடைப் பையன், “மேலால தட்டிப்போட்டு வித்திடுவம், முதலாளி” என்றான். தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று கண்டித்தது நினைவுக்கு வந்தது. உறைந்த நெய்யில் எலி விழுந்தால் அதையும் சுற்றியுள்ளதையும் எடுத்தெறியச் சொல்லும் ஹதீஸ் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். மா மூடைக்குள் எலி எங்கெல்லாம் ஓடியது, எங்கே சிறுநீர் விட்டது என்று யாருக்குத் தெரியும்? மூடையைப் புதைத்தோம். அந்த நட்டத்தில் கடை முழுவதற்கும் கம்பிவலை அடித்திருக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் உள்ளே வந்ததைப் பிடிக்கக் கருவாட்டுத் துண்டோ சுட்ட தேங்காய்ச் சொட்டோ வைத்த பொறியே போதும், சுவரோரமாக வையுங்கள். எலி திறந்த வெளியால் போகாது. உணவுச் சரக்கு இருக்கும் இடத்தில் பாஷாணம் ஆபத்து. தின்றது சில நாள் கழித்து முகட்டுக்குள் செத்து நாறும், அதைத் தின்னும் பூனையும் சாகும். ஹரத்தின் எல்லைக்குள்ளேயே கொல்ல அனுமதிக்கப்பட்ட ஐந்தில் எலியும் ஒன்று, உண்மைதான். அதற்காகப் பொறியில் அகப்பட்டதை மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவது நம் மார்க்கத்தில் இல்லை.

சரக்குச் சேதத்தை விடப் பெரிய விஷயம் காய்ச்சல். 2008 இல் இலங்கையில் 7,000 இற்கும் மேற்பட்டோர் எலிக்காய்ச்சல் சந்தேகத்தில் பதிவாகினர். 2024 டிசம்பரில், வெள்ளம் வடிந்த கையோடு, யாழ்ப்பாண மாவட்டத்திலேயே பல உயிர்கள் போயின. முதலில் என்ன காய்ச்சல் என்றே தெரியாமலிருந்தது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் உள்ள சிறு காயத்தால் உள்ளே போனால் போதும். வெள்ளம் நின்ற களஞ்சியத்தைக் கழுவும் பையனுக்குச் சப்பாத்தும் கையுறையும் வாங்கிக் கொடுங்கள். பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்தால் பனடோலோடு இருக்க விடாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். படகு இல்லாத நாளாகப் போய்விட்டால் கஷ்டம், ஆகையால் முதல் நாளே அனுப்புங்கள். நம் கடையில் எலி உண்டு என்பதை டொக்டரிடம் சொல்ல அவன் வெட்கப்படக் கூடாது, நீங்களும் வெட்கப்பட வேண்டாம்.