புதுப் பணிசெயல் முறைமை படிக்க எந்தப் புத்தகம் வாங்குவது?

நமது வாசிகசாலைகளிலும் சில லயத்து வீடுகளிலும் இப்போது கொம்பியூட்டர் இருக்கிறது. அநேகமாக யாரோ பாவித்து விட்ட மெஷின்தான். அவற்றில் பலதில் ஓடுவது 2015இல் வெளிவந்த வின்டோஸ் 10. இதற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் கம்பனி 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. அதற்காக மெஷின் நின்றுவிடாது. ஆனால் புதிது புதிதாக வரும் வைரஸைத் தடுக்கும் திருத்தங்கள் முன்பு போல தானாக வந்து சேராது. வின்டோஸ் 11 போடலாமே என்றால், அதற்கு 4 ஜீ.பீ. ராம் மட்டும் போதாது, டீ.பீ.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். பழைய மெஷின்களில் அநேகமானவை இதில் அடிபட்டுப் போகும்.

அதனால்தான் சில பிள்ளைகள் உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்று பேசத் தொடங்கியிருக்கிறார்கள். இவை இலவசம். லினக்ஸ் மின்டுக்கு 2 ஜீ.பீ. ராம் இருந்தாலும் சமாளிக்கும், 4 இருந்தால் நல்லது. "அப்பா, இத படிக்க புத்தகம் வேணும்" என்று பிள்ளை கேட்டால், நம்மவர்கள் டவுனுக்குப் போய் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் தடித்த புத்தகத்தை வாங்கி வருகிறார்கள். இரண்டு மூன்று நாள் பேர் போட்ட காசு அதில் போய்விடுகிறது. புத்தகம் அலுமாரி மேலே தூசி பிடிக்கிறது.

கடையில் முதலில் அட்டையைப் பார்க்காமல், உள்ளே அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள். உபுண்டுவில் இது இன்னும் சுகம். 24.04 என்றால் 2024ஆம் ஆண்டு 4ஆம் மாதம் வந்தது என்று அர்த்தம். 2017 ஒக்டோபரில் வந்த 17.10இல் உபுண்டுவின் திரையே மாறிவிட்டது. அதற்கு முந்திய புத்தகத்தில் படத்தைப் பார்த்து "இந்த பட்டனை அமுக்கு" என்று இருந்தால், பிள்ளை அந்த பட்டனைத் தேடித் தேடியே அலுத்துப் போகும்.

ஆனால் பழசு எல்லாம் குப்பை என்றும் நினைக்க வேண்டாம். எழுத்தில் கட்டளை கொடுத்து வேலை வாங்கும் முறை லினக்ஸில் அவ்வளவாக மாறுவதில்லை. கோப்புகளைப் பட்டியலிட, பிரதி எடுக்க, இடம் மாற்ற உள்ள கட்டளைகள் 1991இல் லினக்ஸ் தொடங்குவதற்கு முன்பே யுனிக்ஸில் இருந்தவை. ஆகவே படம் போட்ட புத்தகம் புதிதாக இருக்க வேண்டும், கட்டளைப் புத்தகம் பத்து வருஷம் பழசானாலும் பரவாயில்லை. பழைய புத்தகக் கடையில் பேரம் பேச இது உதவும்.

அடுத்ததாக, பிள்ளைக்கு என்ன வேலை தெரிய வேண்டுமோ அதை ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள். பிரின்டர் பூட்டுவது, தமிழில் டைப் பண்ணுவது, பென் டிரைவில் பிரதி எடுப்பது, இப்படி. பொருளடக்கத்தில் அவை இருக்கிறதா என்று பாருங்கள். கம்பனிகளில் சேர்வர் நடத்துபவர்களுக்கு எழுதிய புத்தகம் ஆயிரம் பக்கம் இருந்தாலும் நமக்கு அது ஆகாது.

காசில்லாமல் கிடைப்பதும் உண்டு. பத்தாம் ஆண்டு தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடநூலில் பணிசெயல் முறைமை பற்றித் தமிழிலேயே ஒரு பாடம் இருக்கிறது. முதலில் அதைப் படிப்பதே நம் எண்ணத்தில் சரி. அதன் பிறகு, து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் குனு/லினக்ஸ்' மின்னூலை இலவசமாக இறக்கிக் கொள்ளலாம். இங்கிலீஷ் ஓரளவு வாசிக்கும் பிள்ளைக்கு வில்லியம் ஷொட்ஸின் 'த லினக்ஸ் கொமாண்ட் லைன்' இருக்கிறது. அதையும் பீ.டி.எஃப். வடிவில் ஆசிரியரே இலவசமாகத் தருகிறார். பெரிய புத்தகம்தான், தொடக்கத்தில் முதல் சில அத்தியாயங்கள் போதும்.

வீடியோ பார்த்துப் படிப்பதை நாம் குறை சொல்லவில்லை. கை எங்கே போகிறது என்று கண்ணால் காணலாம். ஆனால் டேட்டா காசு கரைந்துவிடும். மறந்துபோன ஓர் இடத்தை மறுபடி தேடிப் பிடிக்க புத்தகம்தான் லேசு.

புத்தகத்துக்கு முன்னால் 8 ஜீ.பீ. பென் டிரைவ் ஒன்றுக்குச் செலவழிப்பது புத்தி. உபுண்டுவையோ மின்டையோ அதில் ஏற்றி, மெஷினில் உள்ள வின்டோஸைத் தொடாமலேயே ஓடவிட்டுப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் டிரைவைக் கழற்றி மறுபடி ஸ்டார்ட் பண்ணினால் பழைய வின்டோஸ் அப்படியே இருக்கும். பிடித்துப் போய் மெஷினிலேயே பதிப்பதென்றால் மட்டும் கவனம். கல்யாணப் படங்கள், பிறப்புச் சான்றிதழ் ஸ்கேன் எல்லாவற்றையும் முதலில் வெளியே பிரதி எடுத்து வையுங்கள். பாமினி எழுத்தில் டைப் பண்ணிய கடிதங்கள் இருந்தால், அந்த எழுத்துருவையும் சேர்த்து எடுங்கள். அது இல்லாத மெஷினில் நம் தமிழ் வெறும் இங்கிலீஷ் எழுத்துக் குவியலாகத்தான் தெரியும்.

புத்தகம் வாங்குமுன் மெஷினின் ராம் எவ்வளவு, எந்த ஆண்டு மெஷின் என்று குறித்துக்கொண்டு, பின்னேரம் கொழுந்து நிறுத்த பிறகு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.