மனமொத்த மணவிலக்கு: ஜமாஅத் கடிதம் மட்டும் போதுமா?

 



நிகாஹ்வை உறுதியான உடன்படிக்கை என்று திருக்குர்ஆன் அழைக்கின்றது. அதை முறிப்பது ஆகுமானதே ஆயினும், வேறு வழியில்லாதபோது நாட வேண்டிய இறுதி வழி அது. கணவன் மனைவியரிடையே பிளவு அஞ்சப்படுமானால், அவன் குடும்பத்திலிருந்து ஒருவரையும் அவள் குடும்பத்திலிருந்து ஒருவரையும் நடுவர்களாக ஏற்படுத்துமாறு சூரத்துந் நிஸாவின் 35ஆம் வசனம் பணிக்கின்றது. அம்முயற்சியும் பலனளிக்காவிடில், நல்ல முறையில் பிரிந்துவிட வேண்டும் என்பது சூரத்துல் பகராவின் 229ஆம் வசனம் தரும் போதனை.

அந்த 'நல்ல முறை' இன்று நம் ஊரில் எப்படி நிறைவேறும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

தியாகராய நகரில் வாழும் ஒரு தம்பதியர் சண்டையின்றிப் பிரிய முடிவு செய்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். மஹல்லா ஜமாஅத்தில் பேசி முடித்து, ஒரு கடிதமும் பெற்றுக்கொள்கின்றனர். ஈராண்டுகள் கழித்து அச்சகோதரிக்கு மறுமணப் பேச்சு வருகின்றது. அந்நேரத்தில் முன்னாள் கணவர், "நான் சம்மதிக்கவே இல்லை, அவள் இன்னும் என் மனைவியே" என்று வழக்குத் தொடுக்கிறார். சகோதரியின் கையில் இருப்பதோ அந்த ஒற்றைக் கடிதம். நீதிமன்றத்தில் அதன் மதிப்பு என்ன?

சென்னை உயர் நீதிமன்றம் இதற்கு விடை கூறியுள்ளது. வழக்கறிஞரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான பதர் சயீத் அவர்கள் தொடுத்த வழக்கில், காஜிகள் வழங்கும் தலாக் சான்றிதழ்கள் கருத்துரைகள் மட்டுமே; நீதிமன்றங்களிலும் பிற சட்டத் தேவைகளுக்கும் அவை செல்லத்தக்கவை அல்ல என்று 2017 ஜனவரியில் இடைக்கால ஆணை பிறந்தது. 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டமே காஜிகளுக்கு நீதிபரிபாலன அதிகாரம் எதையும் வழங்கவில்லை. பின்னர், 2023 ஜனவரியில் நீதிபதி சி. சரவணன் அவர்கள் ஷரீஅத் கவுன்சில் ஒன்று வழங்கிய குலா சான்றிதழை ரத்து செய்தார். குலா பெறுவது முஸ்லிம் பெண்ணின் உரிமை. ஆனால் அதற்குக் குடும்ப நீதிமன்றத்தையே அணுக வேண்டும். தனியார் அமைப்புகள் மண முறிவை அறிவிக்க இயலாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இதனால் ஜமாஅத்தின் பணி முடிந்துவிட்டதாகக் கருதலாகாது. சமரசம் செய்வதும் அறிவுரை கூறுவதும் ஜமாஅத்தின் கடமையே. தீர்ப்பளிப்பது மட்டுமே நீதிமன்றத்தின் பொறுப்பு.

இனி, பிரிவின் வகைகளைக் காண்போம். மனைவி விரும்பிக் கேட்டு, பெற்ற மஹரையோ அதில் ஒரு பகுதியையோ திருப்பிக் கொடுத்துப் பிரிவது குலா. தாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவி, கணவரின் மார்க்கத்திலோ குணத்திலோ குறை கூறாமலே, அவருடன் சேர்ந்து வாழ இயலாதென நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பித்தர அப்பெண்மணி இசைந்தபோது, அதைப் பெற்றுக்கொண்டு அவரைப் பிரிந்துவிடுமாறு நபியவர்கள் தாபித் அவர்களைப் பணித்த செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. இருவருமே பிரிவை விரும்பி, பரஸ்பரம் விடுவித்துக் கொள்வது முபாரஅத். இவ்விரண்டையும் 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் பெயர் சுட்டி ஏற்றுள்ளது. ஒரே மூச்சில் முத்தலாக் கூறுவதோ 2017இல் உச்ச நீதிமன்றத்தால் செல்லாதென அறிவிக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமுமாகும்.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் வாழ்வோர் உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள குடும்ப நீதிமன்றத்தை நாட வேண்டும். இந்துத் திருமணச் சட்டம் கூறும் ஓராண்டுத் தனிவாழ்வும் ஆறு மாதக் காத்திருப்பும் நிகாஹ் முறையில் மணந்தோருக்கு இல்லை. ஆனால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணந்தவர்கள் அச்சட்டத்தின் 28ஆம் பிரிவின்படியே விண்ணப்பிக்க வேண்டும்.

முதலில், நிகாஹ் பதிவேட்டின் நகல், திருமணப் பதிவுச் சான்று, முகவரிச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் ஆகியவற்றைத் திரட்டிக்கொள்ளுங்கள். அடுத்து, வழக்கறிஞரைக் கொண்டு ஒப்பந்தம் எழுதுங்கள். மஹர் பாக்கி, நகைகளும் சீர்ப்பொருட்களும், இத்தா காலச் செலவு, பிள்ளைகள் யாரிடம் வளர்வது, மற்றவர் அவர்களை எப்போது சந்திப்பது என அனைத்தையும் அதில் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். பின்பு, மணவுறவு முறிந்ததென அறிவிக்கக் கோரி, 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி மனுச் செய்ய வேண்டும். நீதிமன்றம் முதலில் உங்களைச் சேர்த்து வைக்கவே முயலும். 9ஆம் பிரிவு அதைக் கடமையாக்கியுள்ளது. திருமறை கூறும் நடுவர் முறையின் நோக்கமும் இதுவன்றோ! இறுதியில் கிடைக்கும் தீர்ப்பின் சான்றிட்ட நகலைப் பெற்றுப் பத்திரப்படுத்துங்கள்.

சகோதரிகளே! ஓர் எச்சரிக்கை. 'இருவருக்கும் ஒரே வக்கீல் போதும்' என்று பலர் கூறுவர். அவ்வாறாயினும், கையொப்பமிடும் முன் உங்களுக்கென வேறொரு வழக்கறிஞரிடம் ஒப்பந்தத்தைக் காட்டிப் படித்துக் கேளுங்கள். வசதியில்லையே என்று கலங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்கள் அனைவரும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவிக்கு உரியவர்கள். எல்லா உரிமையையும் விட்டுக்கொடுத்தால்தான் விடுதலை என்று எவரும் நெருக்கினால் இணங்காதீர்கள். பிள்ளைகளின் ஜீவனாம்சம் பிள்ளைகளின் உரிமை. அதைத் தாய் விட்டுக்கொடுக்க இயலாது. தலாக் சொல்லிப் பிரியும் கணவன், மனைவியின் எதிர்கால வாழ்வுக்கும் சேர்த்து நியாயமான ஏற்பாட்டை இத்தா காலத்திற்குள் செய்தாக வேண்டும் என 2001இல் டேனியல் லத்தீஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளதையும் அறிந்து வையுங்கள்.

சகோதரர்களே! பிரியும் வேளையிலும் உங்களுக்கிடையிலான பெருந்தன்மையை மறவாதீர்கள் என்ற கருத்தில் சூரத்துல் பகராவின் 237ஆம் வசனம் அறிவுறுத்துகின்றது. நீதிமன்றத்தில் இடும் ஒரு கையொப்பம், நாளை அப்பெண் தலைநிமிர்ந்து வாழ நீங்கள் செய்யும் உதவியாகும். மஹல்லா நிர்வாகிகளே! உங்களிடம் வருவோரைக் கடிதத்துடன் அனுப்பிவிடாமல், நீதிமன்றம் வரை வழிகாட்டுங்கள்.

இணைந்து வாழ்வோரின் இல்லங்களில் அமைதியையும், பிரிய நேர்ந்தோரின் உள்ளங்களில் நீதியையும் வல்ல அல்லாஹ் நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.