மோட்டார் அபிமானி யார்?

விலையுயர்ந்த மோட்டார் வண்டியை உடையானெல்லாம் மோட்டார் அபிமானி ஆகான். லால்பேட்டையை அடுத்த வீராணம் ஏரிக்கரையிற் புதுவண்டியொன்று செல்லுங்கால் அதன் மினுமினுப்பைக் கண்டு வியப்போர் பலர். அதன் ஓசையைக் கேட்டு, உள்ளே நிகழ்வது யாதென வினவுவோர் சிலரே. அச்சிலரையே யாம் ஈண்டுக் கருதுகின்றோம்.

1893-ஆம் ஆண்டு கோயமுத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரிற் பிறந்த ஜி. டி. நாயுடு இத்தகையார்க்குச் சிறந்த எடுத்துக்காட்டாவர். வெள்ளைக்கார அதிகாரியொருவர் மோட்டார் சைக்கிளில் வரக்கண்ட அவ்விளைஞர், அதனை அடையவேண்டி உணவுவிடுதியில் வேலைசெய்து பணஞ் சேர்த்தார். வாங்கியபின் ஊர்சுற்றுதலோடு அமைந்தாரல்லர். உறுப்புறுப்பாகக் கழற்றி மீண்டும் பூட்டினார். (நம்மிற் பலர் கழற்றுதலில் வல்லர், பூட்டுதலே அரிது.) 1920-இல் ஒரே பஸ்ஸைக் கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார்.

நிற்க. பெட்ரோலும் காற்றும் கலந்து ஸிலிண்டருக்குள் புகுதல், பிஸ்டனால் அழுத்தப்படுதல், மின்பொறியால் எரிதல், புகையாய் வெளியேறுதல் ஆகிய நான்கு செயல்களுள் ஒன்று பிழைப்பினும் ஓசை மாறும். அம்மாற்றத்தைச் செவியால் உணர்ந்து, மெக்கானிக்கை அழைக்குமுன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பவனே மெய்யபிமானி. அது கரிபடிந்திருப்பின் கலவையிற் பெட்ரோல் மிகுதியென்றும், வெளுத்திருப்பின் குறைவென்றும் அவன் ஊகிப்பான்.

மின்கல வண்டிகள் பெருகிவரும் இந்நாளில் அச்செவிக்கு வேலை குறைகின்றது. திறவாதே என்றெழுதி முத்திரையிட்ட பெட்டியின்முன் கலங்கல் இளைஞர் நின்றிருப்பின் யாது செய்திருப்பார்? அபாயம் யாதெனக் கேட்டறிந்து, பின்னர்த் திறந்தே பார்த்திருப்பாரென்று யாம் எண்ணுகின்றோம்.