பத்தா, இருபத்தெட்டா?

தெற்கு சூடான் 2011-ஆம் வருஷம் ஜூலை 9-ஆம் தேதி சுதந்திரம் பெற்றபோது அதில் 10 மாகாணங்கள் இருந்தன. ஒன்பது வருஷத்திற்குள் அவை 28 ஆகி, 32 ஆகி, மறுபடியும் 10 ஆயின. என் போன்ற பூகோள உபாத்தியாயர்களுக்கு இது தொல்லைதான். ஆனால் அத்தேசத்து ஜனங்கள் பட்ட பாட்டுக்கு முன் அது எம்மாத்திரம்!

2013 டிசம்பரில் ஜனாதிபதி ஸால்வா கீரின் படைக்கும், முன்னாள் உபஜனாதிபதி ரீக் மஷாரின் ஆதரவாளருக்கும் யுத்தம் மூண்டது. 2015 ஆகஸ்டில் சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. 10 மாகாணங்களை வைத்தே அதில் பதவிகள் பங்கிடப்பட்டிருந்தன. இரண்டு மாதங்கூட நிரம்பவில்லை. அக்டோபர் 2-ஆம் தேதி, இனி மாகாணங்கள் 28 என்று ஜனாதிபதி உத்தரவிட்டார்.

வாதம் கிளம்பியது. மழைக்காலத்தில் பாதைகளே மறைந்துவிடும் நாட்டில், சர்க்கார் குடியானவனுக்கு அருகில் இருக்க வேண்டாமா என்றனர் ஆதரிப்போர். பட்டணத்தைக் கிராமத்தாரிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்று காலஞ்சென்ற தலைவர் ஜான் காரங் கூறிவந்ததையும் எடுத்துக் காட்டினர். நியாயமான பேச்சே. எதிர்த்தவர்களோ, இது உடன்படிக்கையை மீறிய செயல், எண்ணெய் வயல்களையும் நிலங்களையும் ஒரு ஜாதியாருக்குச் சேர்க்கும் சூழ்ச்சி என்றனர். வேடிக்கை என்னவென்றால், பிரிட்டிஷார் காலத்து ஜில்லாக்களை ஒட்டி 21 மாகாணங்கள் வேண்டுமென்று மஷார் கட்சியாரே முன்பு கேட்டிருந்தார்கள்! ஆகவே, பிரிக்கலாமா என்பதல்ல வழக்கு. கோடு போடும் கை யாருடையது என்பதே.

வெள்ளை நைல் நதிக்கரையிலுள்ள மலக்கால் பட்டணத்தைப் பாருங்கள். ஷில்லுக் மக்களும் டிங்கா மக்களில் ஒரு பிரிவாரும் அதைத் தமதென்று உரிமை கோருகிறவர்கள். புதிய உத்தரவு அதை டிங்காக்கள் மிகுந்த மாகாணத்தில் சேர்த்தது. ஷில்லுக் குடும்பங்கள் பலவும் அப்போது ஐக்கிய நாடுகள் சபையின் முகாமில் அகதிகளாக இருந்தன. வீட்டை விட்டு ஓடிவந்தவனிடம், உன் ஊர் எந்த மாகாணத்தில் சேரவேண்டும் என்று யார் கேட்பது? யுத்த காலத்தில் எல்லை வகுப்பதன் அநீதி இதுதான். 2016 பிப்ரவரியில் அந்த முகாமிலேயே கலகம் மூண்டு, 25 பேருக்குக் குறையாமல் மாண்டார்கள், குடிசைகள் எரிந்தன.

2017 ஜனவரியில் எண்ணிக்கை 32 ஆயிற்று. 2018-இல் செய்த புதிய உடன்படிக்கை இவ்விஷயத்தை ஒரு கமிஷனிடம் விட்டது. கமிஷனாலும் முடிவு காண இயலவில்லை. கடைசியில் 2020 பிப்ரவரியில் 10 மாகாணங்களுக்கே திரும்ப ஜனாதிபதி இசைந்தார். ஆனால் அபியே, பிபோர், ரூவெங் என்ற மூன்று தனிப் பிரதேசங்களையும் கூடவே வைத்துக்கொண்டார். ரூவெங்கில் எண்ணெய் இருக்கிறது! மஷார் ஆட்சேபித்தார், ஆயினும் அம்மாதம் 22-ஆம் தேதி பதவி ஏற்றார்.

மலக்கால் பழையபடி மேல் நைல் மாகாணத்தின் தலைநகராயிற்று. அம்மாகாணத்துக்குக் கவர்னர் நியமனமாவதற்கு 2021 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.