உறையிலிட்ட காகிதம்

வருட இறுதி ஆராதனைக்கு முன் நம் பெங்களூர் வாலிபர் சிலர், வரும் ஆண்டில் எவர் ஆட்சிக்கு வருவார், எந்த அணி கோப்பையை வெல்லும் என்றெல்லாம் எழுதி உறையிலிட்டு, அடுத்த டிசம்பரில் பிரித்துப் பார்த்து மகிழ்கிறார்கள். பந்தயப் பணம் இல்லாதவரை நான் தடுப்பதில்லை.

2009 மக்களவைத் தேர்தலுக்கு முன், மங்களூரைச் சேர்ந்த பகுத்தறிவாளர் நரேந்திர நாயக், தேர்தல் குறித்த 25 கேள்விகளுக்கும் சரியாக விடை கூறும் ஜோதிடருக்கு 10 இலட்சம் ரூபாய் அறிவித்தார். ஏறத்தாழ 450 பேர் எழுதியனுப்பினர், ஒருவரும் வெல்லவில்லை. அவர் தேவனை நம்பாதவர். ஆயினும், சொன்னது நடந்ததா என்று பார்க்கும் அவருடைய அளவுகோல் உபாகமம் 18:22-இல் இருப்பதுதான்!

ஜோதிடரைக் கண்டு நாம் நகைக்கிறோம். டிசம்பர் 31 நள்ளிரவில் நம் பிரசங்க பீடங்களிலிருந்து தேசத்தைக் குறித்து உரைக்கப்படுகிறவற்றை எழுதி வைக்கிறவர் யார்? 2019-இன் கடைசி இரவில், 2020 இரட்டிப்பான ஆசீர்வாதத்தின் ஆண்டு என்று நானும் உரைத்தேன். மார்ச் 25-இல் தேசமே ஊரடங்கிற்குள் சென்றது. ஆலயக் கதவும் பூட்டப்பட்டது. வேலையிழந்து ஊர் திரும்பிய ஒரு சகோதரர், "பாஸ்டர், அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது?" என்று தொலைபேசியில் கேட்டார். என்னிடம் பதிலில்லை.

இவ்வருடம் நான் உரைக்கப்போவதையும் எழுதி, வாலிபரின் உறைகளோடு வைக்கும்படி சபைச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.