கவனம் சிதறுவோருக்குப் பதவி உயர்வு எட்டாக்கனியா?

சின்னசேலம் பக்கத்துச் சேகோ ஆலை ஒன்றில் 12 ஆண்டுகளாகப் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர், சென்ற மாதம் அஸருக்குப் பின் என்னைத் தேடி வந்தார். கல்வராயன் மலையில் ஊர் ஊராகச் சென்று மரவள்ளிக் கிழங்கு கொள்முதல் செய்வது அவர் வேலை. ஆலையில் அளந்து பார்க்குமுன்பே, கிழங்கை ஒடித்துப் பார்த்து எத்தனை பாயின்ட் இருக்குமென ஏறத்தாழச் சொல்லிவிடுவார். வெள்ளிமலையிலும் சேராப்பட்டிலும் அவரை அறியாத விவசாயி இல்லை.

"மூன்றாவது தடவையும் என்னைத் தாண்டி வேறொருவரை மேற்பார்வையாளராக ஆக்கிவிட்டார்கள், ஹஜ்ரத்" என்றார். குரலில் கோபமில்லை, வெட்கமே இருந்தது.

ரசீதுகளை லாரியிலேயே விட்டுவிடுகிறார். வாரக் கணக்கு மறுவாரம்தான் போய்ச் சேருகிறது. முதலாளி பேசிக்கொண்டிருக்கும்போதே மனம் வேறெங்கோ சென்றுவிடுகிறது. கள்ளக்குறிச்சியில் மனநல மருத்துவர் ஒருவரிடம் காட்டியபோது, சிறுவயது முதலான விவரங்களையெல்லாம் கேட்டறிந்து, இது 'கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு' என்றாராம். ஆங்கிலத்தில் சுருக்கமாக ஏ.டி.எச்.டி. என்பர்.

அதைக் கேட்டதும் எனக்குத்தான் சுருக்கென்றது. இதே மாணவரை, பாடத்தில் மனம் நிற்கவில்லையென்று எத்தனையோ நாள் சுவரோரம் நிற்க வைத்தவன் நான். சோம்பல் என்றே அன்று எண்ணினேன்.

1902ஆம் ஆண்டிலேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற மருத்துவர் இத்தகைய குழந்தைகளைப் பற்றி விரிவுரையாற்றியுள்ளார். எனினும் வளர்ந்தால் தானாகப் போய்விடும் என்ற எண்ணமே நெடுங்காலம் நிலவியது. பலருக்கு அது போவதில்லை. ஓடியாடும் துறுதுறுப்பு அடங்கிவிடும். மறதியும், காலக்கணக்குத் தவறுதலும், தொடங்கியதை முடிக்க இயலாமையும் தங்கிவிடும்.

உத்தியோகத்தில் இதன் விளைவு விசித்திரமானது. அலைந்து திரியும் வேலையில், நொடிக்கு நொடி புதிய சூழல் வருவதால், இவர்களுள் பலர் சிறந்து விளங்குகின்றனர். அச்சிறப்புக்குப் பரிசாகக் கிடைக்கும் பதவியோ நாற்காலி, பேரேடு, கோப்பு, கூட்டம் என அமைந்துவிடுகிறது. எது வராதோ அதையே அளந்து பார்த்து உயர்வு தருகிறோம்!

சட்டத்தின் துணையும் இவர்களுக்கு அரைகுறையே. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறைபாட்டை மட்டுமே காரணம் காட்டி அரசு நிறுவனங்களில் பதவி உயர்வை மறுக்கலாகாது என்கிறது. ஆனால் அதன் 21 வகைப் பட்டியலில் கற்றல் குறைபாடு உண்டு, ஆட்டிசம் உண்டு; இக்கோளாற்றின் பெயர் இல்லை. 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், மனநோயுற்ற மத்திய ரிசர்வ் காவல் படை அதிகாரி ஒருவர் மீதான ஒழுங்கு நடவடிக்கையை ரத்துச் செய்தது. பணியிடம் ஊழியரின் மனநிலைக்கேற்ப இயன்றவரை இணங்கிப் போகவேண்டும் என்ற கோட்பாட்டை அத்தீர்ப்பு வலியுறுத்தியது. அவருடைய நோய் வேறு. கோட்பாடு இவர்களுக்கும் பொருந்துவதே.

தனியார் ஆலையில் அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. வாய்மொழியாகச் சொல்வதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். வாரக் கணக்கை அன்றன்றே கேட்டு வாங்கலாம். கணக்கெழுத ஓர் இளைஞரை உடன் அனுப்பலாம். இவற்றுக்கு ஆகும் செலவைவிட, கிழங்கின் தரமறிந்த ஒருவரை இழப்பது பெரிய நட்டமன்றோ?

மாத்திரைகளும் உண்டு; மருத்துவர் சீட்டின்றி அவற்றை வாங்கலாகாது. மலையிலிருந்து இறங்கி வர இயலாதோர் 14416 என்ற அரசின் 'டெலி மானஸ்' எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.

முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லலாமா என்பதே மாணவரின் தயக்கம். 'பைத்தியம்' என்று முத்திரை குத்திவிடுவார்களோ என்ற அச்சம். நோயின் பெயரைச் சொல்லாமல், உதவியாளர் ஒருவரை மட்டும் கேட்டுப் பாருங்கள் என்றேன். கேட்டிருக்கிறார். முதலாளியின் தம்பி மகன் இப்போது லாரியில் உடன் செல்கிறான். குறிப்பேடுகள் இரண்டு தொலைந்தபின், மூன்றாவதைக் கயிற்றால் லாரியிலேயே கட்டி வைத்திருக்கிறார்களாம். நாற்காலியைப் பற்றி முதலாளி இன்னும் வாய் திறக்கவில்லை.