கடலுக்குப் போகும் மணிச்சத்து

கடல்நீர் பச்சையாகவோ சிவப்பாகவோ நிறம் மாறி, மீன்கள் செத்துக் கரை ஒதுங்கும்போதெல்லாம் அதற்கான காரணம் கடற்கரையிலேயே தேடப்படுகிறது. ஆனால் அந்த நிறமாற்றத்தை உண்டாக்கும் பாசிகளுக்குத் தீனியாகும் சத்துகளில் கணிசமான பங்கு, கடலைக் கண்ணால் பார்க்க முடியாத தொலைவில், சென்னையின் மேற்குப் புறநகரான மேனாம்பேடு போன்ற இடங்களின் சமையலறைகளிலும் கழிப்பறைகளிலும் துணி துவைக்கும் கற்களிலும் இருந்து புறப்படுகிறது. ஒரு காலத்தில் வயலிலிருந்து ஏரிக்கும் ஏரியிலிருந்து மீண்டும் வயலுக்கும் சுற்றிவந்த இந்தச் சத்துகள், இன்று திரும்பும் வழியை இழந்து ஒரே திசையில் கடலை நோக்கி ஓடுகின்றன என்பதே இச்சிக்கலின் வேர்.

நைட்ரஜனைத் தழைச்சத்து என்றும் பாஸ்பரசை மணிச்சத்து என்றும் வேளாண்மை வழக்கு அழைக்கிறது. நெல்லுக்கு வேண்டிய இதே சத்துகள்தாம் நீரில் மிதக்கும் நுண்பாசிகளுக்கும் வேண்டும். சராசரியாகப் பதினாறு நைட்ரஜன் அணுக்களுக்கு ஒரு பாஸ்பரஸ் அணு என்ற விகிதத்தில் கடல் நுண்பாசிகள் தம் உடலைக் கட்டுகின்றன என்பதை அமெரிக்கக் கடலியலாளர் ஆல்ஃபிரெட் ரெட்ஃபீல்டு கண்டறிந்ததால், அந்த விகிதம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. நன்னீர் ஏரிகளில் பெரும்பாலும் மணிச்சத்தும், கடலில் பெரும்பாலும் தழைச்சத்தும் பற்றாக்குறையாக இருந்து பாசியின் பெருக்கத்துக்குக் கடிவாளம் போடுகின்றன. கழிவுநீர் இவ்விரண்டையும் ஒருசேரக் கொண்டுவந்து அந்தக் கடிவாளத்தை அவிழ்த்துவிடுகிறது. நீர்நிலை தன் தேவைக்கு மேல் உரம் பெற்றுப் பாசி மண்டும் இந்நிலைக்கு மிகையூட்டம் என்று பெயர்.

இரண்டு ஏரிகளுக்கு நடுவே

மேனாம்பேடு, அம்பத்தூர் ஏரிக்கும் கொரட்டூர் ஏரிக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பில் அமைந்தது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் அதன் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து மாதவரம் இரட்டை ஏரிக்கும் செல்கிறது. அதற்குப் பின் தணிகாசலம் நகர் கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்காம் கால்வாய் என்று கைமாறி, கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தின் பக்கம் அந்த நீர் சேர்கிறது. மழைநீருக்காக அமைந்த இந்தச் சங்கிலியில், மழையில்லாத மாதங்களிலும் ஓடுகிற நீர் எது என்ற கேள்விக்கு விடை சொல்ல ஆய்வுக்கூடம் தேவையில்லை. கால்வாயின் நுரையும் நெடியுமே சொல்லிவிடும்.

இந்த ஏரிகள் குடியிருப்புகளுக்காக வெட்டப்பட்டவை அல்ல. அவற்றின் மதகுகளுக்குக் கீழே ஆயக்கட்டு, அதாவது ஏரிப் பாசனம் பெறும் வயல்பரப்பு, இருந்தது. 1964ஆம் ஆண்டில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை உருவான பிறகு வயல்கள் பட்டறைகளாகவும் மனைகளாகவும் மாறின. 2011ஆம் ஆண்டில் இப்பகுதி சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டபோது மதகு திறந்தால் பாய்வதற்கு வயல் என்று சொல்லத்தக்க நிலம் ஏறத்தாழ இல்லை. ஏரி மட்டும் எஞ்சியது. அதற்குள் வந்த நீர் என்ன சுமந்து வருகிறது என்பது மாறியது.

வண்டல் ஏறிய வண்டிகள்

ஆயக்கட்டு மறைந்ததால் பாசனத்தோடு சேர்ந்து வேறொன்றும் நின்றுபோனது. தமிழகத்தின் ஏரிப் பாசன ஊர்களில் கோடையில் ஏரி வற்றியதும், அதன் அடியில் படிந்த கரிய வண்டலை வெட்டி மாட்டுவண்டிகளில் ஏற்றி வயலில் கொட்டுவது வழக்கம். வண்டல் அடித்தல் எனப்பட்ட இந்த வேலை ஏரியின் ஆழத்தையும் காத்தது, நிலத்துக்கு உரமும் ஆனது என்பது எல்லோரும் அறிந்ததே. அது நீரின் தூய்மையையும் காத்தது என்பதுதான் போதிய அளவில் பேசப்படாதது.

தழைச்சத்துக்குத் தப்பிக்க வழியுண்டு. ஆக்சிஜன் இல்லாத ஏரிச் சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைச் சிதைத்து நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றுக்கே திருப்பி அனுப்புகின்றன. கோரையும் நாணலும் அடர்ந்த ஆழமற்ற ஏரிக்கரைகளில் இவ்வேலை நன்றாக நடக்கும். மணிச்சத்துக்கு அப்படிப்பட்ட வாயு வடிவம் இல்லாததால் அது சேற்றில் படிந்து ஆண்டுக்கணக்கில் சேர்கிறது. ஏரியின் அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்தவுடன், இரும்போடு பிணைந்து கிடந்த மணிச்சத்து சேற்றை விட்டுக் கரைந்து மேலே வருகிறது. எனவே புதிய கழிவுநீர் முழுவதையும் இன்றே நிறுத்தினாலும், பழைய சேறு பல ஆண்டுகள் பாசிக்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சேமிப்பை ஆண்டுதோறும் காலி செய்துவந்தவை வண்டல் வண்டிகள்தாம். இந்தியா தனக்கு வேண்டிய பாஸ்பேட் பாறையில் மிகப் பெரும்பகுதியை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்கிறது. அப்படி விலை கொடுத்து வாங்கிய மணிச்சத்து சோறாகி, கழிவாகி, ஏரிச் சேறாகி, இறுதியில் கடலில் பாசியாவதைக் காட்டிலும் பெரிய வீண்செலவு ஒரு நாட்டுக்கு இருக்க முடியாது.

விடியற்காலைத் திணறல்

மிகையூட்டம் எப்படிக் கொல்கிறது என்பதை எந்தப் புறநகர் ஏரிக்கரையிலும் விடியற்காலையில் நேரே காணலாம். நண்பகலில் பட்டாணிச் சாறு போலப் பசுமையாகக் கிடக்கும் நீரில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை அள்ளித் தருகிறது. சூரியன் மறைந்ததும் அதே பாசி மூச்சுவிடுவதற்காக அந்த ஆக்சிஜனைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. இரவு முழுவதும் இருப்புக் கரைந்து, விடிவதற்குச் சற்று முன்பு மிகக் குறைவாகிறது. அந்த நேரத்தில் கெண்டையும் ஜிலேபியும் நீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். வெயில் ஏறியதும் பிழைத்தவை கீழே இறங்கும், மற்றவை வெள்ளை வயிறு தெரிய மிதக்கும். பாசி மொத்தமாக மடிந்து அழுகும் நாளில், அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் எஞ்சிய ஆக்சிஜனையும் தீர்த்துவிடுகின்றன.

நீல ஒளியும் பூங்கோரையும்

கடலிலும் இதே கணக்குதான். 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில் சென்னையின் தென்பகுதிக் கடற்கரைகளில் அலைகள் இரவில் நீலமாக ஒளிர்ந்தபோது மக்கள் திரண்டு படம் எடுத்தனர்.  அந்த ஒளிக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது நாக்டிலூகா எனும் ஒற்றைச் செல் உயிர். ஜவ்வரிசியை மிகச் சிறிதாக்கியது போன்ற இவ்வுயிர் அசைவு பட்டதும் ஒளிரும். இதன் பச்சை வகை தன் உடலுக்குள் வேறொரு நுண்பாசியைக் குடிவைத்திருக்கிறது. தன்னுள் அம்மோனியாவைச் சேர்த்துவைத்து, மடியும்போது அதை நீரில் விடுகிறது. மன்னார் வளைகுடா மீனவர்கள் பூங்கோரை என்று அழைக்கும் இது 2008ஆம் ஆண்டிலும், மீண்டும் 2019 செப்டம்பரிலும் மண்டபம், பாம்பன் பகுதிகளில் பெருகியபோது மீன்கள் செத்து ஒதுங்கின.

சில பாசிகளின் தீங்கு ஆக்சிஜன் குறைவோடு நிற்பதில்லை. கல்பாக்கத்தை அடுத்த வாயலூரில் 1981ஆம் ஆண்டில் மட்டி உண்ட 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, அவர்களில் 3 பேர் உயிரிழந்தனர். நச்சுப்பாசியை வடிகட்டி உண்ணும் மட்டியின் சதையில் அந்த நஞ்சு தேங்குகிறது. கொதிக்க வைத்தாலும் அது முறிவதில்லை.

பாசிப் பெருக்கம் பருவக்காற்றாலும், ஆழ்கடல் நீர் மேலெழுவதாலும், கடல் சூடேறுவதாலும் இயற்கையாகவே நிகழ்வது என்று கருதும் அறிஞர்களும் உண்டு. அது பல நிகழ்வுகளுக்குப் பொருந்தும் என்றாலும், காற்றையும் கடலின் வெப்பத்தையும் எந்த நகரமும் கட்டுப்படுத்த முடியாது. கழிவுநீரைக் கட்டுப்படுத்த முடியும்.

தெளிவு வேறு, தூய்மை வேறு

கழிவுநீரைக் கட்டுப்படுத்தச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றனவே என்ற நம்பிக்கையில் ஒரு பிழை உண்டு. வழக்கமான சுத்திகரிப்பு, கழிவைச் சிதைக்க நீர் எவ்வளவு ஆக்சிஜனைச் செலவிட நேரும் என்ற அளவைக் குறைப்பதையே முதன்மை இலக்காகக் கொண்டது. அந்த வேலை சிறப்பாக முடிந்து கண்ணாடிபோலத் தெளிந்து வெளியேறும் நீரிலும் கரைந்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பெருமளவு தங்கிவிடுகின்றன. அவற்றை அகற்றத் தனிப்பட்ட கட்டங்கள் வேண்டும். ஏரி அழகுபடுத்தும் பணிகளிலும் இதே பிழை தொடர்கிறது. நடைபாதைக்கும் கற்சுவருக்கும் இடம்விட வேண்டிக் கரையோரக் கோரை அகற்றப்படும்போது, தழைச்சத்தைக் காற்றுக்கு அனுப்பிவந்த இலவச ஆலை ஒன்று மூடப்படுகிறது.

சத்தைக் கட்டுப்படுத்திக் கடலை மீட்க முடியும் என்பதற்கு ஜப்பான் சான்று. அதன் செட்டோ உள்நாட்டுக் கடலில் 1972ஆம் ஆண்டில் பாசியால் ஏற்பட்ட செந்நீர்ப் பெருக்கு 1 கோடியே 40 லட்சம் வளர்ப்பு மீன்களைக் கொன்றது. அடுத்த ஆண்டே தனிச்சட்டம் வந்தது. கரையோரத் தொழிற்சாலைக் கழிவு குறைக்கப்பட்டது, பிறகு பாஸ்பரசுக்கும் கட்டுப்பாடு வந்தது. 1976ஆம் ஆண்டில் 299 ஆக இருந்த செந்நீர் நிகழ்வுகள் பின்னர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தன. சத்து மிகவும் குறைந்து வளர்ப்புக் கடற்பாசி நிறம் மங்கியதால், அளவோடு சத்து சேர்க்க இடம்தரும் வகையில் 2021ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. சத்தைப் பகையாகக் கருதாமல், உரிய இடத்தில் உரிய அளவில் நிறுத்த வேண்டிய பொருளாகக் கருதும் முதிர்ச்சி அது.

மேனாம்பேட்டுக்கும் அதே முதிர்ச்சி வேண்டும். கழிவுநீர் இணைப்பு மழைநீர்க் கால்வாயில் சேராமல் தடுப்பதும், பாஸ்பேட் இல்லாத சலவைத்தூளுக்கு மாறுவதும், சுத்திகரிப்பின்போதே மணிச்சத்தை உரமாகப் பிரித்தெடுப்பதும், ஏரியில் நீர் நுழையும் வாயில் கோரைப் படுகைகளை மீட்பதும் தொடக்கங்கள். எல்லாவற்றையும் விட முக்கியமானது வண்டல். தொழிற்பேட்டைகளை ஒட்டிய ஏரிகளின் சேற்றில் கன உலோகங்கள் கலந்திருக்கும் அபாயம் உள்ளதால், சோதிக்காமல் எந்த வயலிலும் அதைக் கொட்ட முடியாது. அதனால்தான் ஆலைக் கழிவையும் வீட்டுக் கழிவையும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்து வைப்பது அவசியமாகிறது. கொரட்டூர் ஏரியின் வண்டலை ஒரு விவசாயி தயக்கமின்றித் தன் வயலில் கொட்டும் கோடைதான், எண்ணூர்க் கழிமுகம் மீளத் தொடங்கியதற்கு முதல் சான்றாக இருக்கும்.